டிரம்மில் ஒரு கீறல்

மூணாறு தலைப்பில் தண்ணீர் வந்துவிட்டதை
எனக்கு ஆறு சொல்வதில்லை,
சிட்டாவும் அடங்கலும் சொல்லும்.
நீடாமங்கலம் தாலுக்கா ஆபீஸ் எதிரே
என் ஜெராக்ஸ் கடையில்
காலை ஒன்பதுக்கே வரிசை நின்றால்
குறுவைக்குக் கடன் கேட்க
ஊர் புறப்பட்டாயிற்று.

இந்த வருஷம் நானும்.

மிஷினில் டிரம் கீறிவிட்டது.
எந்தத் தாளைப் போட்டாலும் நடுவே
நெளிந்து இறங்குகிறது ஒரு கறுப்புக் கோடு.
"ஆதார்ல என் மூக்கை ரெண்டாப் பொளந்துட்டியே"
என்று காசு தராமல் போனார் ஒருவர்.
புது டிரம், அதோடு கடை வாடகை பாக்கி:
முப்பத்தெட்டாயிரம்.

சொசைட்டியில் நகை கேட்டார்கள்.
நகை ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறது.
குழுவில் வெள்ளிக்கிழமை வரச் சொன்னார்கள்;
எவளோ கட்டாத தவணைக்காக
மற்ற ஒன்பது பேரை
ராத்திரி எட்டு வரை பாயில் உட்காரவைத்த குழு.
மூன்றே நிமிஷத்தில் தருகிறேன் என்றது
செல்போனில் ஒரு செயலி.
முதலில் என் போனிலுள்ள எல்லா நம்பரையும்
பார்க்க அனுமதி கேட்டது.
எதற்கு என்று யோசித்தேன்.
அழித்துவிட்டேன்.

கடன் கொடுப்பவர்களை எனக்கு
முகத்தைவிடத் தாளில் நன்றாகத் தெரியும்.
பதினோரு வருஷமாய் அவர்களின் புரோநோட்டுகள்
என் கண்ணாடிமேல் குப்புறப் படுத்திருக்கின்றன.
தண்டல் வைரக்கண்ணு கொண்டுவரும் தாளில்
தொகை இருக்காது, தேதி இருக்காது,
ரெவின்யூ ஸ்டாம்ப் மேல் கையெழுத்து மட்டும் இருக்கும்.
நிரப்பாத தாளுக்கு எதற்கு நகல் என்று
நான் கேட்டதில்லை.
ஒரு ரூபாய் வாங்கிக்கொண்டேன்.
அந்த ஒரு ரூபாய்களை
என்றைக்காவது உட்கார்ந்து எண்ண வேண்டும்.

அஞ்சுகம் வேறு மாதிரி.
ரயில்வே கேட் பக்கம்
தார்ப்பாயும் கயிறும் விற்கிறவள்.
வருஷத்தில் நாலைந்து தடவை வருவாள்,
தீர்ந்த நோட்டோடும் அதைத் தீர்த்தவரோடும்.
குறுக்கே "பைசல்" என்று எழுதியிருக்கும்.
நகல் அவளுக்கு.
அசலை என் கடையிலேயே
அவர் கையில் கொடுத்துவிடுவாள்.

இது போதுமா?
போதாது என்று பட்டது.
வாங்கியவர்களைத் தேடிப் போனேன்.
கட்டி முடித்த கதை வேண்டாம்,
கட்ட முடியாமல் போன மாசத்தைச் சொல்லுங்கள் என்றேன்.

ஒளிமதி சவரிராஜ் சொன்னார்:
"புயல் வருஷம் நாலு மாசம் கட்டல.
அந்தப் பக்கம் போறதையே விட்டுட்டேன்.
அவங்களே வந்தாங்க.
வட்டியை நிறுத்திக்கிறேன், அசலைக் குடுன்னாங்க."

ஆதனூர் தெய்வானை சொன்னாள்:
"வாசல்ல வந்து ஒரு பகல் பூரா உட்கார்ந்தா.
சத்தம் போடல. தண்ணி கேட்டு வாங்கிக் குடிச்சா.
அதுக்குச் சத்தமே போட்டிருக்கலாம்."

இரண்டும் ஒரே ஆள்.
இரண்டையும் மடித்து வைத்துக்கொண்டுதான் போனேன்.

கேட் மூடியிருந்த இருபது நிமிஷத்தில்
பேசி முடித்துவிட்டோம்.
நூற்றுக்கு ரெண்டு. பத்து மாசம்.
முன்வட்டி பிடிப்பதில்லை.
"உன்னைப் பத்தி விசாரிச்சுட்டேன்" என்றாள்.
யாரிடம் என்று கேட்டேன்.
"உனக்கு பாக்கி வச்சிருக்கவங்ககிட்ட."

அவர்கள் என்ன சொன்னார்களோ.
சரக்கு ரயில் போய்க்கொண்டே இருந்தது,
நெல் வேகன்கள், எண்ணாமல் விட்டேன்.

தொகையை நானே எழுதினேன்,
எண்ணாலும் எழுத்தாலும்.
தேதி போட்டேன்.
கடைக்கு வந்து எனக்கொரு நகல் எடுத்தேன்.
சூடாக வெளியே வந்தது,
தொகைக்கும் கையெழுத்துக்கும் நடுவே
அதே கோட்டோடு.

மறுநாள் காலை வைரக்கண்ணு வந்தான்,
நிரப்பாத தாள் ஒன்றோடு.
மிஷின் ரிப்பேர் என்றேன்.
பொய்யில்லை.
டிரம் சனிக்கிழமைதான் வருகிறது.